வராமல் போன வாரம்

அத்தியாயம் பதினான்கு

"யோசிச்சுச் சொல்றேன் பெரியம்மா."

நிவேதிதா போனில் சொன்ன அந்தப் பதிலைச் சரசா ஒரு வாரமாக மென்றுகொண்டிருந்தாள். முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

கேட்டவள் ஞானம்மாள், நிவேதிதாவைப் பெற்றவளின் அக்கா. கேட்ட விஷயம், கல்யாணத்தன்று தாரை வார்க்க மணையில் உட்காரப் போவது யார் என்பது. "ரெண்டாந்தாரமா வந்தவ உட்கார்றது நல்லாவா இருக்கும்? நானும் உங்க பெரியப்பாவும் உட்கார்றோம்" என்று அரக்கோணத்தில் இருந்தபடியே தீர்ப்பு எழுதிவிட்டாள். மாப்பிள்ளை ஸ்ரீநாத் வீட்டார் நாள் குறிக்க ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். அதற்குள் ஞானம்மாளுக்குப் பதில் தெரிந்தாக வேண்டுமாம்.

பேன் பார்த்து, டைபாய்டுக்குக் கஞ்சி வைத்து, பட்டமளிப்பு விழாவில் கால் கடுக்க நின்று... சரசாவிடம் சொல்ல நிறைய இருந்தது. சொன்னால் வளர்த்ததற்குக் கூலி கேட்ட மாதிரி ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். வாயை மூடலாம், வயிற்றெரிச்சலை எதைப் போட்டு மூடுவது?

இந்த லட்சணத்தில் வெள்ளிக்கிழமை வேறு வந்து சேர்ந்தது. 'ஏழாம் மதகு' படத்தின் இரண்டாம் பாகம் ரிலீஸ்.

"சித்தி, கிளம்புங்க. அம்பத்தூர்ல மூணு டிக்கெட் போட்டாச்சு" என்றாள் நிவேதிதா. ஆபீசுக்கு லீவு போட்டிருந்தாள். படம், புத்தகம் பற்றிப் பேசி அவள் போடும் வீடியோக்களுக்கு ஓரளவு கூட்டம் சேர்ந்திருந்தது.

"எனக்குத் தலைவலி. நீயும் ரோஷினியும் போய்ட்டு வாங்க."

"அம்மா, சீன் போடாத. ஏசியில உக்காந்தா தலைவலி போயிடும்" என்றாள் ரோஷினி. சரசா பெற்ற பெண், காலேஜ் இரண்டாம் வருடம். புத்தகம் பக்கமே போகாதவள். பாப்கார்னுக்காகவே படம் பார்ப்பவள்.

"வாங்க சித்தி. பெரியநாச்சின்னா உங்களுக்கும் பிடிக்குமே" என்று நிவேதிதா கையைப் பிடித்து இழுத்தாள். அப்படிக் கையைப் பிடித்து இழுத்தால் சரசாவால் மறுக்க முடியாது. அது நிவேதிதாவுக்கும் தெரியும்.

தலைவலி பொய்தான். ஆனால் பொய்க்குப் பின்னால் ஒரு பழைய பயம் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அந்த வீட்டு ஷோகேஸில் இருக்கும் இரண்டு தடித்த புத்தகங்களைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

'ஏழாம் மதகு' ஒரு வார இதழில் தொடராக வந்த கதை. கடல் போல ஓர் ஏரி, அதற்கு ஏழு மதகுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல்காரி. ஏரிக்கு அடியில் இன்னொரு நாடு. தமிழ்நாட்டில் பாதி வீடுகள் அந்த ஏரிக்கரையில் குடியிருந்த காலம் அது. நிவேதிதாவின் அம்மா வாராவாரம் அந்தப் பக்கங்களைக் கத்தரித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை ஒட்டி முதல் பாகத்தைப் புத்தகமாக்கினாள். அடுத்தது தொடங்குவதற்குள் மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோய்விட்டது.

அடுத்த பாகம் தொடங்கிய சமயத்தில்தான் சரசா நிவேதிதாவின் அப்பா தங்கராஜைக் கட்டிக்கொண்டு ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸுக்குள் வலது காலை எடுத்து வைத்தாள். புதுச் சித்தியிடம் முகம் கொடுத்துப் பேசாத எட்டு வயதுப் பெண், வார இதழ் வரும் நாளில் மட்டும் அவள் பக்கத்தில் வந்து உட்காருவாள். சரசா படிப்பாள், அவள் கேட்பாள். பிறகு சரசாவும் கத்தரித்தாள், தைத்தாள். வீட்டில் இரண்டு பாகத்துக்கும் சேர்த்து 'அம்மா புத்தகம்' என்றே பெயர் நிலைத்தது. சரசா அதைத் திருத்தவில்லை.

அதில் ஒரு வாரம் இல்லை. அதை எடுத்தவள் சரசா.

கதையின் நாயகி இளவேனி என்ற சிறுமி. ஏழாம் மதகின் காவல்காரி பெரியநாச்சி அவளுடைய அம்மா. உடைந்த மதகை மூட நாச்சி தண்ணீருக்குள் இறங்குகிறாள். "நான் வர்ற வரைக்கும் விளக்கை அணைக்காதே" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். அத்தோடு அந்த வாரம் முடிந்தது. அடுத்த வாரத்தில் அவள் உடல் கரை ஒதுங்கியது.

அம்மாவைப் பறிகொடுத்து ஒரு வருடம்கூட ஆகாத குழந்தைக்கு அதை எந்த வாயால் படித்துக் காட்டுவது? "எழுதறவருக்கு உடம்பு சரியில்லையாம். இந்த வாரம் கதை வரலை" என்று சரசா சொல்லிவிட்டாள். குழந்தை முகம் தெரியாத அந்த எழுத்தாளருக்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கச் சொன்னது. உடைத்தார்கள்.

அதற்கப்புறம் கதை வேறு ஆட்களோடு ஏரிக்கு அடியில் போய்விட்டது. இளவேனி மட்டும் தினமும் கரையில் விளக்கேற்றினாள். நிவேதிதாவின் புத்தகத்தில் பெரியநாச்சி இன்றைக்கும் சாகவில்லை. கடையில் அச்சுப் புத்தகம் கிடைத்தாலும், வீட்டிலேயே இருக்கும்போது எதற்கு என்று அவள் வாங்கியதில்லை. ஹாஸ்டலில் திவ்யா என்ற தோழி, "நாச்சி செத்ததும் நான் அப்படி அழுதேன்" என்று சொன்னதற்கு, நீ எந்தக் கதையையோ போட்டுக் குழப்புகிறாய் என்று ஒரு வாரம் அவளோடு பேசாமல் இருந்தாள். அந்தச் சண்டையைப் பற்றி நிவேதிதா வந்து சொன்னபோது சரசா பேச்சை மாற்றிவிட்டாள்.

இன்றைக்குத் தியேட்டரில் அந்த இடம் வருமா வராதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

படம் தொடங்கிய பத்து நிமிடத்தில் நிவேதிதா முனக ஆரம்பித்தாள். புத்தகத்தில் இளவேனி மாறுகண் உள்ள கறுத்த சிறுமி, தண்ணீரைக் கண்டால் நடுங்குபவள். படத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு இருபது வயசுப் பெண் டைவ் அடித்தாள். அவளுக்கு ஒரு காதலன், அவனோடு பனிமலையில் ஒரு பாட்டு.

"ஏரியில ஏதுடி பனிமலை?" என்றாள் நிவேதிதா.

"பாட்டு செமயா கீதுக்கா, கம்முனு பாரு" என்றாள் ரோஷினி.

ஏரிக்கு அடியில் உப்பு விற்கும் கிழவர்கள் இல்லை. மதகு திறக்கும் முன் ஊரே மூச்சுவிடாமல் காத்திருக்கும் அந்த ராத்திரி இல்லை. புத்தகத்தில் மீன்கள் பேசாது, மனிதர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும். படத்தில் ஒரு மீன் காமெடி பண்ணியது.

ஒவ்வொன்றுக்கும் நிவேதிதா உச்சுக் கொட்டினாள். சரசாவுக்கோ ஒவ்வொரு வெட்டும் வயிற்றில் பால் வார்த்தது. வெட்டு, இன்னும் வெட்டு என்று மனதுக்குள் அந்த முகம் தெரியாத டைரக்டரை உற்சாகப்படுத்தினாள். இவ்வளவு வெட்டுகிற நீ அதையும் வெட்டிவிட்டால் உனக்குப் புண்ணியமாகப் போகும் அப்பா!

அதை மட்டும் அவன் வெட்டவில்லை.

பெரியநாச்சியின் உடல் மெதுவாக, மெதுவாக, வயலின் அழ அழத் தண்ணீரில் மேலே வந்தது. இளவேனி வானத்தைப் பார்த்து அலறினாள். அடுத்த நொடி இடுப்பிலிருந்து வாளை உருவினாள். தியேட்டரே விசிலடித்தது.

"இன்னா மாமே, அந்தம்மாவப் போட்டுத் தள்ளிட்டானுங்க" என்று பின்சீட்டில் ஒருவன் கவலைப்பட்டான்.

நிவேதிதா எழுந்து நின்றுவிட்டாள். "இது கதையிலயே இல்ல! நாச்சி சாகவே மாட்டா!"

"அக்கா, குந்துக்கா, மறைக்குது" என்றது பின்சீட்டு.

சரசா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். இரண்டு கையும் ஈரமாக இருந்தது. யாருடைய வேர்வை என்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போகிற ஆட்டோவில் நிவேதிதா பொரிந்து தள்ளினாள். "பாட்டு வச்சான், போனாப் போவுது. மீனைப் பேச விட்டான், போனாப் போவுது. ஆனா செத்துட்டாங்கன்னு எப்படிக் காட்டலாம்? அவங்க வருவாங்களா மாட்டாங்களான்னு தெரியாம தினமும் விளக்கேத்தறதுதானே கதை? அந்த விளக்கு ஒரு சீன்லகூட இல்ல. கையில வாளைக் குடுத்துட்டான்."

"படம்னா அப்டித்தாம்மா" என்று ஆட்டோக்காரர் சேர்ந்துகொண்டார். "வெளக்கு ஏத்திகினு குந்தினு இருந்தா எவன் டிக்கெட் எடுப்பான், சொல்லு?"

"அதுக்காக இல்லாததைச் சேக்கலாமாண்ணே?"

"தப்புதான். எய்துனவன் மனசு இன்னா பாடு படும்!"

நிவேதிதாவுக்கு அது போதும். "ரோஷினி, போனவுடனே வீடியோ எடுக்கறோம். 'பெரியநாச்சியைக் கொன்னது யாரு'ன்னு தலைப்பு. புத்தகம் போடற பதிப்பகமே என் வீடியோவ ஷேர் பண்றோம்னு சொல்லியிருக்காங்க."

சரசாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதிப்பகத்துக்காரர்களுக்கா கதை தெரியாது? புத்தகம் படித்த அத்தனை பேரும் சிரிப்பார்கள். முதலில் புத்தகத்தைப் படி என்று கீழே எழுதிக் கேவலப்படுத்துவார்கள். படிக்காமலேயே பேசுகிறாள் என்ற பெயர் வந்துவிட்டால் இவள் தாங்குவாளா?

தடுக்க வேண்டும் என்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் ஞானம்மாளுக்கு அதைவிட வேறு வரம் வேண்டாம். பெற்றவள் ஆசையாகச் சேர்த்த பொருளில் இவள் கை வைத்தாள் பார், இவளா மணையில் உட்காருவது என்று கேட்பாள். யோசித்துச் சொல்கிறேன் என்றவளுக்கும் அதன்பிறகு யோசிக்க என்ன இருக்கிறது?

அவர்கள் இப்போது குடியிருக்கும் பருத்திப்பட்டு ஃபிளாட்டில் பால்கனியை ஒட்டி ரோஷினி போனை ஸ்டாண்டில் மாட்டினாள். கண்ணாடிக்கு வெளியே ஏரி வெயிலில் மினுமினுத்தது. சரசா சமையலறைக்குள் போய், துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கிக்கொண்டிருந்தாள்.

"வணக்கம். இது எங்க அம்மா புத்தகம்" என்று நிவேதிதா தொடங்கியது கேட்டது. "இந்தக் கறை என்னன்னு பாக்கறீங்களா? எங்க சித்தி சாம்பாரைக் கொட்டிட்டாங்க. சின்ன வயசுல அதுக்காக ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தேன்."

ரோஷினி சிரித்தாள். அந்தச் சாம்பார் கதை வீட்டில் பலமுறை சொல்லிச் சிரித்ததுதான். சிரிக்கும்போதெல்லாம் அதில் ஒரு முள்ளும் இருக்கும், அது சரசாவுக்கு மட்டும் குத்தும்.

"இந்தப் புத்தகத்துல பெரியநாச்சி சாகறதே கிடையாது. வேணும்னா நீங்களே எடுத்துப் பாருங்க..."

சரசா குழாயை மூடினாள். ஈரக்கையோடு போய்க் கேமராவுக்கும் நிவேதிதாவுக்கும் நடுவில் நின்றாள்.

"நிறுத்தும்மா. இதை வெளிய விடாத."

"சித்தி! நடுவுல வந்துட்டீங்களே. என்ன ஆச்சு?"

"நாச்சி செத்துட்டா. கதையிலயே செத்துட்டா. படக்காரன் அந்த ஒண்ணை மட்டும் சரியாத்தான் எடுத்திருக்கான்."

ரோஷினி போனை அணைத்தாள். நிவேதிதா புரியாமல் புத்தகத்தைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள்.

"ஒரு வாரம் கதை வரலைன்னு சொன்னேனே, தேங்கா உடைச்சமே. வந்துச்சு. நான்தான் எடுத்துட்டேன்."

நிவேதிதா புத்தகத்தைத் திருப்பி, அந்த இடத்தைத் தேடினாள். நாச்சி தண்ணீரில் இறங்கும் பக்கம். அதற்கு அடுத்த அத்தியாயத்தின் தலைப்பில், 'முன்கதை' கட்டம் இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. அதற்கடுத்ததிலும் ஓட்டை. கடைசிவரை எல்லாவற்றிலும்.

"இதுவும் நீங்களா?"

"முன்கதையில அவ செத்ததைப் போட்டிருந்தான். ஒண்ணை மட்டும் வெட்டினா கேப்பியேன்னு எல்லாத்தையும் வெட்டினேன்."

"எங்கம்மா புத்தகத்துல எப்படிக் கை வச்சீங்க?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் சரசா தாங்கியிருப்பாள்.

"வச்சேன். தப்புன்னு எனக்கு இன்னிக்கும் தோணல" என்றாள் சரசா. அழுகை வந்தது, அடக்கவில்லை. "இளவேனி விளக்கை அணைக்கலன்னு நீயும் குவார்ட்டர்ஸ் வாசல் பல்பை அணைக்க விடமாட்ட. ஞாபகம் இருக்கா? அம்மா வந்தா இருட்டுல எப்படி வருவாங்கன்னு கேப்ப. அந்தப் பிள்ளைக்குப் போய், நாச்சி கரை ஒதுங்கினான்னு படிச்சுக் காட்டச் சொல்றியா?"

நிவேதிதாவின் விரல் அந்தப் பழுப்புக் கறை மேல் நின்றது.

"அப்ப இந்தச் சாம்பார்..."

"அங்க ஒரு வரியில அவ சமாதி வந்துச்சு. கதைக்கு நடுவுல இருக்கு, வெட்ட முடியல."

ரோஷினி வாயைப் பிளந்தாள். "அடப்பாவி அம்மா!"

நிவேதிதா சோபாவில் உட்கார்ந்தாள். அதன்பிறகு கேட்டாள்: "பல்பை எப்ப அணைச்சோம்?"

"நாங்க அணைக்கல. ஒரு பரீட்சை சமயத்துல, கண்ணு கூசுதுன்னு நீயே எழுந்து போய் அணைச்ச. நான் அடுப்படியில நின்னு பாத்துட்டிருந்தேன்."

வாசலில் செருப்புச் சத்தம். ஃபாக்டரியிலிருந்து வந்த தங்கராஜ், சாப்பாட்டுப் பையோடு அங்கேயே நின்றிருந்தார். எவ்வளவு கேட்டிருப்பார் என்று தெரியவில்லை.

"அந்த வாரப் புத்தகம் எங்க கேன்டீன்ல கிடந்துச்சு" என்றார் மெதுவாக. "படிச்சேன். ஊட்டுக்கு வந்தா, எழுதறவருக்கு உடம்பு சரியில்லைன்னு இவ சொல்றா. காய்ச்சலாம், பேப்பர்ல போட்டிருக்கான்னு நானும் ஒரு பொய்யை எடுத்து உட்டேன்."

சரசா திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை! தனியாகச் சுமந்ததாக நினைத்திருந்தது தனியாக இல்லை. கோபப்படுவதா, கும்பிடுவதா என்று அவளுக்குப் புரியவில்லை.

"அந்தப் பக்கமெல்லாம் எங்க சித்தி?"

"கிழிக்க மனசு வரல. எப்பவாவது நீ கேப்பேன்னு தெரியும்." ரேஷன் கார்டும் கேஸ் புக்கும் வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரைச் சரசா எடுத்து வந்தாள். அந்த வீட்டில் அவளைத் தவிர வேறு யாரும் கை நுழைக்காத இடம் அது. அடியிலிருந்து மடித்த தாள்கள் வந்தன. மஞ்சளாகி, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தன.

நிவேதிதா வாங்கவில்லை. "நீங்களே படிங்க" என்று சோபாவில் நகர்ந்து இடம் விட்டாள்.

சரசா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். குரல் முதலில் தடுமாறியது, பிறகு பழைய தாளம் தானாக வந்தது. நாச்சி கரை ஒதுங்கினாள். ஊர் அழுதது. அன்று சாயங்காலம் இளவேனி வழக்கம்போல விளக்கை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். அதுதான் அம்மா வந்தாயிற்றே, இனி யாருக்கு விளக்கு என்று கரைக்கு உப்பு விற்க வந்த கிழவர் கேட்டார். ஏரியில் வேறு யாராவது இருப்பார்கள் தாத்தா என்றாள் அவள்.

படித்து முடித்ததும் நிவேதிதா முகத்தை மூடிக்கொண்டாள். இருபது வருடம் தள்ளிப் போட்ட அழுகை. சரசா தாள்களைக் கீழே வைத்துவிட்டு அவள் முதுகில் கை வைத்தாள்.

"இதைத்தான் படக்காரன் விட்டுட்டான் சித்தி" என்றாள் நிவேதிதா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "சாவைக் காட்டினான், விளக்கை எடுத்துட்டான். நீங்க சாவை எடுத்தீங்க, விளக்கை வச்சிருந்தீங்க. வெட்டறதுலயும் வித்தியாசம் இருக்கு."

"எனக்குப் படம் பிடிச்சுது" என்றாள் ரோஷினி. "ஆனா இது வேற மாதிரி கீது. அந்தப் புத்தகத்தைக் குடு, நான் படிக்கிறேன்."

"முதல்ல போனை மாட்டு. மறுபடி எடுக்கறோம்."

நிவேதிதா முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ஷோகேஸிலிருந்து முதல் பாகத்தையும் எடுத்து, இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வணக்கம். எங்க வீட்டுல ரெண்டு புத்தகம் இருக்கு. இது எங்க அம்மா தைச்சது" என்று ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். அடுத்ததைத் தூக்கும்போது சற்று நிறுத்தினாள். "இது எங்க சித்தி தைச்சது."

சரசா சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். தங்கராஜுக்குக் காப்பி போடுகிற சாக்கில் பாலைப் பொங்கவிட்டாள்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில், டீப்பாய் மேல் இருந்த நிவேதிதாவின் போன் அடித்தது. திரையில் 'பெரியம்மா'.

தங்கராஜ் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். நிவேதிதா போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சொல்லுங்க பெரியம்மா... ஆமா, யோசிச்சுட்டேன்."

பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைப் பின்னால் சாத்திக்கொண்டாள். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. கையை ஆட்டி ஆட்டி அவள் ஏதோ சொல்வது தெரிந்தது. நடுவில் அவள் நிறுத்திக்கொண்டு மறுமுனை பேசுவதைக் கேட்பதும் தெரிந்தது. பேசியது ஞானம்மாள் என்றால் அது சீக்கிரம் முடியாது.

வெளியே ஏரி இருட்டிக்கொண்டு வந்தது. பேசுகிறவளின் முகமும் இருட்டில் கரைந்துகொண்டிருந்தது. என்ன பதில் சொன்னாள் என்று அந்த முகத்தைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம் என்று சரசா கண்ணாடியோரம் வந்தாள். வந்தவளுக்கு அதைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

சுவரில் கையை வைத்து, பால்கனி விளக்கை மட்டும் போட்டுவிட்டுத் திரும்பினாள்.